குளிக்கணுமா, குளிர் காயணுமா?

நேற்று ராத்திரி எட்டரை மணிக்கு வீட்டில் கருவாடு சுடுகிற வாடை. கீழ்வீட்டில் சமையல் பலம்தான் போலிருக்கிறது என்று நினைத்து, நாக்கில் எச்சில் ஊறக் கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. வாடை கீழிருந்து வரவில்லை, என் தலைக்குப் பின்னால் இருக்கிற சுவிட்ச் போர்டிலிருந்து வருகிறது. அதில் மாட்டியிருந்த ரூம் ஹீட்டர் பிளக்கைத் தொட்டேன். தோசைக்கல். வெள்ளையாக இருந்த முகப்பு டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்திருந்தது. சுவிட்சை அணைத்துவிட்டுத் துணியைச் சுற்றி இழுத்தால், ஒரு பின் மட்டும் உருகிய பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்கிறது.

பிளக் பாயிண்ட் உள்ளே கருகும்போது இப்படி மீன் வாடை அடிப்பது உண்டு. தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள், என்னைப் போல எச்சில் ஊற உட்கார்ந்திருக்காதீர்கள்.

இந்தக் குளிர்காலத்தில் மட்டும் இது மூன்றாவது பிளக். ஓனர் அம்மாவிடம் சொன்னால் ஒரே பதில். “உங்க ஹீட்டர்தாம்மா கரண்டை இழுக்குது.” ஹீட்டர் கரண்டை இழுக்காமல் கேரட்டையா இழுக்கும்? 2000 வாட்ஸ் ஹீட்டர், 230 வோல்ட். வகுத்தால் 8.7 ஆம்பியர். அதற்காகத்தான் கம்பெனிக்காரன் 16 ஆம்பியர் பிளக் போட்டுக் கொடுக்கிறான், கரண்ட் போகிற பின் இரண்டும் 7 மில்லிமீட்டர் தடிமன். என் ஹாலில் இருப்பதோ 6 ஆம்பியர் பாயிண்ட், 5 மில்லிமீட்டர் பின்னுக்கான ஓட்டை. பெரிய பின் சின்ன ஓட்டையில் நுழையக் கூடாது என்றுதான் அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். அந்தக் காவலை 40 ரூபாயில் கலைத்துவிட, பெரிய பிளக்கைச் சின்ன ஓட்டையில் மாட்டவைக்கிற ஒரு கன்வெர்ஷன் பிளக்! கடையில் கல்லாவுக்குப் பக்கத்திலேயே மிட்டாய்ச் சரம் மாதிரி தொங்கவிட்டிருக்கிறார்கள். எத்தனை வாட்ஸ், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. சரி, வாங்கியது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். வேறென்ன செய்யச் சொல்கிறீர்கள்? இந்த வீட்டில் பவர் பிளக், அதாவது 16 ஆம்பியர் பாயிண்ட், ஒன்றே ஒன்று. அதுவும் பாத்ரூமில், கீசருக்கு.

இதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. ஊட்டியில் வீடு கட்டுகிறீர்கள். தலைக்குந்தாப் பக்கம் ஜனவரிக் காலையில் புல் மேல் உப்புக் கொட்டினது மாதிரி உறைபனி கிடக்கும் ஊர். ஹாலில் டிவிக்கு, செட்டாப் பாக்ஸுக்கு, சாமி விளக்குக்கு என்று ஐந்து பாயிண்ட். ஹீட்டருக்கு ஒன்று கிடையாது. ஆனால் சீலிங் ஃபேன் மாட்டக் கொக்கி இருக்கிறது! ஊட்டியில் ஃபேன் கொக்கி! பிளானைக் கோயம்புத்தூரிலிருந்து அப்படியே தூக்கி வந்திருப்பார்கள். பைகாரா ஆற்றுத் தண்ணீரில் 1932-லேயே கரண்ட் எடுத்துக் கீழே அனுப்பிய மலை இது. மேலே இருக்கிறவளுக்கு ஒரு 16 ஆம்பியர் பாயிண்ட் இல்லை.

அப்புறம் நம்ம எலக்ட்ரீஷியன் தம்பி. டிசம்பரில் ஹீட்டர் போட்டால் முக்கால் மணிக்கொரு தரம் எம்சிபி, அதாவது கரண்ட் அளவு மீறினால் தானே அணைந்துகொள்ளும் சுவிட்ச், விழுந்துகொண்டிருந்தது. 6 ஆம்பியர் எம்சிபி, 8.7 போனால் விழத்தான் செய்யும், அதுதான் அதன் வேலை. தம்பி வந்து பார்த்தார். “எம்சிபி வீக்கா இருக்குக்கா.” கழற்றி எறிந்துவிட்டு 16 போட்டார். “இனிமே விழாது.” விழவில்லைதான்! சுவருக்குள் ஓடுவது லைட்டுக்குப் போட்ட மெல்லிய ஒரு சதுர மில்லிமீட்டர் ஒயர். குரைக்கிற நாயை அடித்துத் துரத்திவிட்டு, திருடன் பயம் இல்லை என்று சொல்லிப் போனால் எப்படி?

முதல் பிளக் கருகியபோது பிளக்கை மட்டும் மாற்றினார். இரண்டாவது கருகியபோதும் பிளக்கை மட்டும். சாக்கெட்டை மாற்றுங்கள் என்றேன். “அது நல்லாத்தான் இருக்கு, வோல்டேஜ் கம்மிக்கா, அதான் சூடாவுது” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கம்பிச்சுருள் ஹீட்டருக்கு வோல்டேஜ் குறைந்தால் கரண்டும் குறையும். 180 வோல்ட் வந்தால் 2000 வாட்ஸ் ஹீட்டர் 1200 வாட்ஸ்தான் தரும். ரூம் சூடாகாது, பிளக்கும் அவ்வளவு சூடாகாது.

சூடு வருவது பிடிப்பு தளர்ந்த இடத்தில். சாக்கெட்டுக்குள் பின்னை இறுக்கிப் பிடிக்கும் பித்தளைத் தகடு ஒருமுறை வெந்துவிட்டால் விறைப்பு போய்விடும். பிடி தளரும், தளர்ந்தால் இன்னும் சூடு, சூட்டில் இன்னும் தளரும். எங்கள் மூடுபனி ஈரத்தில் தகடு களிம்பேறுவது தனி. அந்த லூஸ் கான்டாக்டில் 0.3 ஓம் தடை இருந்தாலே போதும், 8.7 ஆம்பியர் ஓடும்போது 23 வாட்ஸ் சூடு அந்த ஒரு புள்ளியில். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் 25 வாட்ஸ்! அதைச் சுவருக்குள் சொருகிவைத்து ராத்திரி முழுக்க ஓடவிட்டுத் தூங்கியிருக்கிறேன். எந்த எம்சிபியும் விழாது, கரண்ட் அளவு மாறவில்லையே. எர்த் லீக்கேஜுக்கு வைத்த பிரேக்கரும் விழாது, கரண்ட் எங்கும் கசியவில்லையே. மூக்கு ஒன்றுதான் காவல். ஜலதோஷம் பிடித்திருந்தால் அதுவும் போச்சு.

வெந்த சாக்கெட்டில் புதுப் பிளக்கைச் சொருகினால் புதுப் பிளக்கும் வேகும். தம்பி, இதற்கா மூன்று தடவை விசிட்டிங் சார்ஜ்?

கீசருக்குப் போவது போல 4 சதுர மில்லிமீட்டரில் தனி ஒயர் இழுத்து ஹாலில் ஒரு பவர் பாயிண்ட் வைத்துத் தாருங்கள், செலவில் பாதி நான் தருகிறேன் என்று இன்று காலை ஓனர் அம்மாவிடம் கேட்டேன். “சீசன் முடியட்டும்மா, பெயிண்ட் அடிக்கும்போது பாத்துக்கலாம்.” சீசன் மே மாதம். அப்போது எனக்கு ஹீட்டர் எதற்கு?

வேறொரு நல்ல பாயிண்டில், ஹீட்டரைப் பாதியில் வைத்து 1000 வாட்ஸில் ஓட்டலாம், 4.3 ஆம்பியர்தான், 6 ஆம்பியர் சாக்கெட் தாங்கும். கை விரல் மட்டும் சூடாகும். அதனால் இப்போதைக்கு கீசர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹீட்டரை அதில் மாட்டி, ஒயர் எட்டுகிற அளவுக்கு பாத்ரூம் கதவுக்கு வெளியே வைத்திருக்கிறேன். குளித்தால் குளிர் காய முடியாது, குளிர் காய்ந்தால் குளிக்க முடியாது. சாயங்காலம் சித்தி வந்தார். ஸ்டூலைப் போட்டு, பாத்ரூம் வாசலில் உட்கார வைத்துத்தான் டீ கொடுத்தேன்.