ஆக்னஸ் ரிக்டர் ஒரு டெய்லர்

நூலால் எழுதி நிரப்பிய ஒரு பழைய ஜாக்கெட்டின் படத்தை நண்பர் ஒருவர் பதிவாகப் போட்டு, நேற்று அது ஓடிய ஓட்டத்தை எல்லோரும் பார்த்தீர்கள். படத்துக்கு அவர் எழுதியது இது: "பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் தைத்த ஜாக்கெட். என் மனைவியின் டெய்லரும் இப்படித்தான் தைத்துத் தருகிறார்." நண்பர் நகைச்சுவைக்காரர்தான், மறுக்கவில்லை. நானே அவருக்குப் பலமுறை சிரித்திருக்கிறேன். இதற்கு வரவில்லை. இரண்டு வரி பதில் எழுதினேன். அதற்கும் ஒரு சிரிப்புப் பொம்மைதான் கிடைத்தது. சரி, நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

தைத்தவர் பெயர் ஆக்னஸ் ரிக்டர். ஜெர்மனியில் 1844இல் பிறந்தவர். தையல் வேலை செய்து பிழைத்தவர். இதை மட்டும் நினைவில் வையுங்கள்: டெய்லர். 1893இல் மனநோய் விடுதியில் சேர்த்தார்கள். 1895 முதல் சாக்சனியில் ஹூபர்டஸ்பர்க் விடுதி. 1918இல் இறக்கும்வரை அங்கேதான். விடுதித் துணியான சாம்பல் நிற லினனை எடுத்துத் தன் உடம்புக்கு ஒரு ஜாக்கெட் தைத்து, உள்ளும் புறமும் பல நிற நூலால் எழுதி நிரப்பினார். பழைய ஜெர்மன் கையெழுத்து. வரிமேல் வரி ஏறிக் கிடக்கிறது. போட்டுப் போட்டுத் தேய்ந்தும் போயிருக்கிறது. முழுதாக யாராலும் படிக்க முடியவில்லை. படிக்க முடிந்த இடங்களில் 'நான்', 'என்' என்று வருகிறது. '583 ஹூபர்டஸ்பர்க்' என்று வருகிறது. 583 அவருடைய சலவை எண். நம்மூர் சலவைக்குறி மாதிரி. அவர்கள் குத்திய எண்ணை அவரே நூலில் எழுதிக்கொண்டார்.

துணியின் உள்பக்கம் எழுதினால் யார் பார்ப்பார்கள்? போட்டுக்கொள்கிறவருக்கு மட்டும்தான் தெரியும். கை எங்கே வருகிறது, இடுப்பு எங்கே பிடிக்கிறது, எந்தத் தையல் உடம்பில் படும் என்றெல்லாம் ஒரு டெய்லருக்குத் தெரியும். டெய்லர் என்று நான்காவது முறை சொல்கிறேன். இன்னும் சொல்வேன்.

"அவர் நோயாளிதானே, அதைச் சொன்னால் என்ன தப்பு?" நோயாளிதான். தப்பில்லை. அதை மட்டும் சொன்னதுதான் தப்பு.

"படிக்க முடியாதது கிறுக்கல்தானே?" என்று இன்னொருவர் கேட்டிருந்தார். உங்கள் டெய்லரின் அளவு நோட்டை வாங்கி ஒருநாள் படித்துப் பாருங்கள் ஐயா.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் சித்தி ப்ளவுஸ் தைப்பவர். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அவர்தான். சங்கிலித் தையல், காம்புத் தையல், கண்ணாடி வேலை எல்லாம் கை வந்த கலை. ஒரு தீபாவளிக்கு முன்னால் உடம்புக்கு முடியாமல் போனது. 'உடம்புக்கு' என்றுதான் வீட்டில் சொல்வார்கள். நாலு மாதம் ஆஸ்பத்திரி. அங்கே மதியம் இரண்டு மணி நேரம் தையல் ஊசி கொடுப்பார்களாம், எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்வார்களாம். திரும்பி வந்தபோது ஒரு துண்டு கொண்டுவந்தார். அதில் சிவப்பு நூலில் எண்கள். 36, 30, 14, 6. பிறகு 34, 28. பிறகு ஏதோ எழுத்து. ஓரம் முழுக்க இதேதான். வந்தவர்களுக்கெல்லாம் அதை விரித்துக் காட்டி, "பாருங்க, என்னத்தையோ தைச்சு வச்சிருக்கா" என்றார்கள். எனக்குப் பத்து வயது. நானும் சிரித்தேன். அந்தத் துண்டு கொஞ்ச நாளில் அடுப்படிக் கரித்துணி ஆனது.

பல வருடம் கழித்து எனக்கு முதல் ப்ளவுஸுக்கு அளவெடுத்தபோதுதான் உறைத்தது. மார்பு, இடுப்பு, உயரம், கை. அந்தத் தீபாவளிக்கு அவர் தைத்துக் கொடுக்க முடியாமல் போன ப்ளவுஸ்களாக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல என்னிடம் துண்டும் இல்லை, சித்தியும் இல்லை.

பிரேசிலில் பிஸ்போ தொ ரொசாரியோ என்று ஒருவர். கடற்படையில் இருந்தவர், பிறகு ரியோவில் மனநோய் விடுதியில் பல பத்தாண்டுகள். விடுதிச் சீருடையின் நீல நூலைப் பிரித்தெடுத்தே தைத்தார். கடவுள் முன்னால் போய் நிற்பதற்கென்று ஒரு பெரிய அங்கி செய்து, அதன் உள்பக்கம் மனிதர்களின் பெயர்களைத் தைத்து வைத்தார். இறந்து ஆறு வருடம் கழித்து, 1995இல், இத்தாலியில் நடக்கும் வெனிஸ் பியனாலே என்ற உலகக் கலைக் கண்காட்சியில் பிரேசில் சார்பில் அவர் வேலைகளை வைத்தார்கள். அவர் கலைஞர். நம் ஆக்னஸ் மட்டும் 'பைத்தியக்கார ஆஸ்பத்திரி'. பிஸ்போ ஆணாக இருந்ததாலா, தையல் அவருக்குப் பிழைப்பாக இல்லாததாலா? நீங்களே சொல்லுங்கள்.

"ஒரு ஜோக்குக்கு இவ்வளவா?" ஆக்னஸின் ஜாக்கெட் இருப்பது ஜெர்மனியில் ஹைடல்பெர்கில், மனநோய் விடுதிகளில் இருந்தவர்கள் செய்த கலைப்பொருட்களைச் சேர்த்து வைத்திருக்கும் பிரின்ஸ்ஹார்ன் தொகுப்பில். அதே தொகுப்பிலிருந்து நோயாளிகள் வரைந்த படங்களை எடுத்துப்போய், 'சீரழிந்த கலை' என்று கண்காட்சி வைத்து ஊர் ஊராகக் கேலி செய்தவர்கள் நாஜிகள். உடனே "என்னை நாஜி என்கிறாயா" என்று கிளம்ப வேண்டாம். நீங்கள் நாஜி இல்லை. துண்டை விரித்துக் காட்டி என்னைச் சிரிக்க வைத்தவர்களும் நல்லவர்கள்தான். எனக்குச் சோறு போட்டவர்கள்.

பதிவை நீக்கச் சொல்லவில்லை. பெயரைப் போடுங்கள், பக்கத்தில் டெய்லர் என்று போடுங்கள், போதும். அப்புறம், உங்கள் மனைவியின் டெய்லருக்குத் தரவேண்டிய கூலி பாக்கி ஏதாவது இருந்தால் அதையும் கொடுத்துவிடுங்கள்.