இரண்டாம் வகுப்புப் பிரெஞ்சுக்கு நோட்டு எதற்கு?

சென்னையில் பள்ளிச் சேர்க்கைக்கு விண்ணப்பம் கொடுக்கத் தொடங்கியதும், பிரெஞ்சு சொல்லித் தருபவள் என்பதால் எனக்கு வரும் கேள்விகளும் தொடங்கிவிடுகின்றன. ‘ஒன்றாம் வகுப்பிலேயே பிரெஞ்சு இருக்கிறதாம், நல்லதுதானே?’ என்று கேட்கும் பெற்றோர் அதிகம். ‘குழந்தைக்குத் தமிழே இன்னும் சரியாக எழுத வரவில்லை, அதற்குள் இது வேறா?’ என்று கேட்கும் பாட்டிமார்களும் உண்டு. இரு தரப்புக்கும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: சிறு பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு தாராளமாகச் சொல்லிக்கொடுக்கலாம், ஆனால் எழுத்தும் தேர்வும் இல்லாமல், காது வழியாக, தமிழைத் துணைக்கு வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுக்க வேண்டும். நம் பள்ளிகளில் நான் பார்த்தவரை, இந்த மூன்றில் ஒன்றுகூட நடப்பதில்லை.

மாலையில் என்னிடம் வரும் ஒரு பையனின் நோட்டைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டாம் வகுப்பு; பள்ளியின் பெயர் வேண்டாம், அது எந்தப் பள்ளியாகவும் இருக்கலாம். நான்கு கோடு போட்ட அந்த நோட்டில் ‘இருத்தல்’ என்று பொருள்படும் ‘ஏத்ர்’ என்ற வினைச்சொல்லின் வடிவங்கள் எல்லாம் மும்மூன்று முறை எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் கீழும் அவன் அம்மா பென்சிலால் ‘ழெ சுய், து எ, இல் எ’ என்று தமிழில் எழுதி வைத்திருந்தார். ஓரத்தில் சிவப்பு மையில் டெஸ்ட் தேதி. வாசிக்கச் சொன்னால் பையன் எஸ், யு, ஐ, எஸ் என்று எழுத்துக்கூட்டி ‘சூயிஸ்’ என்கிறான். உன் பெயர் என்ன என்று பிரெஞ்சில் கேட்டால் என் முகத்தைப் பார்க்கிறான். அப்படி ஒரு கேள்வியை அவனிடம் யாரும் வாய்விட்டுக் கேட்டதே இல்லை போலிருக்கிறது. அந்த டெஸ்டில் அவனுக்கு 25-க்கு 24.

இதன் வேர் எங்கே இருக்கிறது என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். நம் ஊரில் பிரெஞ்சு நெடுங்காலமாக ஒரு மதிப்பெண் பாடம். பிளஸ் ஒன்னில் தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சுக்கு மாறினால் மொத்த மதிப்பெண் ஏறும் என்ற கணக்கைப் போடாத குடும்பம் மயிலாப்பூரிலும் அண்ணா நகரிலும் குறைவு. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகப் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கியது. 2015-16 முதல் சிபிஎஸ்இ முதலிய பிற வாரியப் பள்ளிகளுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு என்ற பேரம் கீழ் வகுப்புகளில் இதனால் அடங்கியது என்றாலும், மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு என்ற பழக்கம் மட்டும் மேல் வகுப்பிலிருந்து கீழே இறங்கி வந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைகூட பிரெஞ்சு, ஜெர்மன், கொரியன் போன்ற அயல்மொழிகளை இடைநிலை வகுப்புகளுக்குத்தான் சொல்கிறது. ஒன்றாம் வகுப்பில் பிரெஞ்சு வைப்பது பள்ளி தானாக எடுக்கும் முடிவு. ஆகவே போர்டு கேட்கிறது, பாடத்திட்டம் கேட்கிறது என்று சொல்லி நோட்டையும் டெஸ்டையும் நியாயப்படுத்த வழியே இல்லை.

இப்போது கனடாக் கணக்கு ஒன்றும் சேர்ந்துகொண்டிருக்கிறது. பிரெஞ்சு தெரிந்தால் கனடா குடியேற்றத்தில் புள்ளிகள் கூடும் என்பது உண்மைதான். 2023 முதல் பிரெஞ்சு அறிந்தவர்களுக்கென்று குடியேற்ற அழைப்புக்கான தனிச் சுற்றுகளும் நடக்கின்றன. ஆனால் அதற்குக் கொடுக்க வேண்டிய மொழித்தேர்வு முடிவு இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். ஏழு வயதுப் பிள்ளையைப் பார்த்து இந்தக் கணக்கைப் போடுகிற அப்பாக்களிடம் நான் வாதாடுவதில்லை, டீ கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.

சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் வரும் என்ற நம்பிக்கையை மட்டும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதை ஒரு நாடே சோதித்துப் பார்த்திருக்கிறது. இங்கிலாந்தில் 1964 முதல் பத்தாண்டுகள், அரசுத் தொடக்கப் பள்ளிகளில் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு கற்பிக்கும் முன்னோடித் திட்டம் நடந்தது. கிளேர் பர்ஸ்டால் தலைமையிலான குழு அந்தப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1974-இல் அறிக்கை கொடுத்தது. பதினொரு வயதில் தொடங்கியவர்களைவிட எட்டு வயதில் தொடங்கியவர்கள் பதினாறு வயதில் பெரிதாக முன்னேறி இருக்கவில்லை, ஆகவே திட்டத்தை விரிவாக்குவதற்குக் காரணம் இல்லை என்பது அதன் முடிவு. பின்னர் பார்சிலோனாவில் ஆங்கிலம் கற்ற பிள்ளைகளைக் கொண்டு கார்மென் முன்யோஸ் நடத்திய ஆய்விலும், ஒரே அளவு மணிநேரம் படித்த பிறகு ஒப்பிட்டால், தாமதமாகத் தொடங்கிய பெரிய பிள்ளைகளே முன்னே நின்றார்கள். வகுப்பறைப் படிப்பு என்று வரும்போது, இலக்கணத்தைப் புரிந்துகொள்ளவும் மனப்பாடம் செய்யவும் பன்னிரண்டு வயது ஏழு வயதைவிடக் கெட்டி.

இந்த இடத்தில் கனடாவின் கியூபெக் மாகாணத்தைக் காட்டுவார்கள். 1965-இல் மொன்றியல் நகரை ஒட்டிய செயின்ட் லாம்பர்ட்டில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் முயன்று தொடங்கிய பிரெஞ்சு மழலையர் வகுப்புப் பெரும் வெற்றி பெற்றது உண்மை. ஆனால் அங்கே விளையாட்டு, கணக்கு, சண்டை, சமாதானம் எல்லாமே பிரெஞ்சில் நடந்தன. வாரத்துக்கு இரண்டு பீரியட், அதிலும் ஒன்று ஆண்டு விழா ஒத்திகைக்குப் போய்விடும் நம் வகுப்புக்கும் அதற்கும் முடிச்சுப் போட முடியாது.

அப்படியானால் சிறு வயதில் எதற்காகத் தொடங்க வேண்டும்? அதற்கும் பர்ஸ்டாலின் அறிக்கையிலேயே விடை இருக்கிறது. முன்னதாகத் தொடங்கிய பிள்ளைகள் ஒரு திறனில் மட்டும் விடாமல் முன்னே இருந்தார்கள்: காதால் கேட்டுப் புரிந்துகொள்வதில். என் அனுபவத்திலும் அதுவே சரி. ஏழு வயதுக் காதும் நாக்கும் செய்வதைப் பதினேழு வயதுக் காதும் நாக்கும் செய்வதில்லை. அந்த வயதில் கிடைக்கும் லாபம் அது ஒன்றுதான் என்னும்போது, அதை விட்டுவிட்டு, பெரிய வயதில் சுலபமாக வரக்கூடிய எழுத்தையும் இலக்கணத்தையும் இப்போதே திணிப்பதில் எனக்கு எந்த அர்த்தமும் தெரியவில்லை.

அதிலும் தமிழ்ப் பிள்ளைக்கு வாய்த்திருக்கும் வசதி இங்கே யார் கண்ணிலும் படுவதில்லை. பிரெஞ்சு கற்கும் ஆங்கிலேயர்கள் படாத பாடு படுவது அதன் மூக்கொலி உயிர்களிடம், அதாவது மூக்கு வழியாக வரும் உயிரொலிகளிடம்; அவை நம் பேச்சிலேயே இருக்கின்றன. நாம் ‘மரம்’ என்று எழுதினாலும், பேசும்போது உதட்டை மூடி அந்த ‘ம்’மை முடிப்பதில்லை, ஒலி மூக்கில் ஏறி அப்படியே நின்றுவிடுகிறது. ‘வந்தான்’ என்பதிலும் நாக்கு மேலே தொடுவதில்லை. ஒரு சிறுமியிடம், ‘வீட்டில் சொல்வதுபோல மரம் என்று சொல்லு’ என்றேன். சொன்னாள். ‘இப்போது கடைசிச் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொள், முன்னால் ஒரு ப சேர்த்துக்கொள்’ என்றேன். நல்லது என்ற பொருளுள்ள ‘போன்’ என்ற பிரெஞ்சுச் சொல், பாரிஸ்காரர் கேட்டாலும் குறை சொல்ல முடியாதபடி அவள் வாயிலிருந்து வந்தது. ‘வந்தான்’ சொல்லத் தெரிந்த பிள்ளைக்குக் குழந்தை என்று பொருள்படும் ‘ஆன்ஃபான்’ இன்னும் சுலபம். இதே சிறுமி பள்ளியில் அதை எழுத்தில் பார்த்துவிட்டு, ‘ன்’னை அழுத்தி ஆங்கிலம் போலத்தான் வாசித்துக்கொண்டிருந்தாள்.

பிரெஞ்சின் ‘த’கரமும் பல்லில் படும் நம் ‘த’கரம்தான். மேசைக்கு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுத்து ஒன்றே என்பதால், எழுத்தை முதலில் பார்த்த பிள்ளை அதை ‘டேபிள்’ என்கிறது. காதால் முதலில் கேட்ட பிள்ளை ‘தாப்ல்’ என்கிறது. எழுத்தை முதலில் பார்த்த பிள்ளையின் வாயிலிருந்து பிறகு அந்த ‘ட’வை எடுப்பதற்கு நான் படும் பாடு பெரியது. எழுத்தில் பயமுறுத்தும் வினைச்சொற்கள்கூடக் காதுக்கு எளியவை. ‘பார்லே’ என்றால் பேசுதல். நான், நீ, அவன், அவர்கள் என்ற இந்த நான்குக்கும் நிகழ்காலத்தில் காதில் விழுவது ‘பார்ல்’ என்ற ஒரே ஒலிதான், எழுத்துகள் மட்டுமே மாறும். பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறான், பேசுகிறார்கள் என்று நான்கு விகுதிகளை மூன்று வயதிலேயே பிசகாமல் போட்ட பிள்ளைக்கு இது எம்மாத்திரம்? (தமிழ் எழுத்தில் பிரெஞ்சை எழுதி வைக்கும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை: அந்த ‘ழ’ நம் சிற்றிதழ்கள் பிரெஞ்சுப் பெயர்களை ழான், ழாக் என்று எழுதிப் பழக்கிய ஒரு வசதி மட்டுமே. உண்மையான ஒலி அதுவல்ல. பிள்ளை ‘மழை’யில் வரும் ழகரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்.)

பிரெஞ்சை ஆங்கிலம் வழியாகச் சொல்லிக்கொடுப்பது அடுத்த கோளாறு. ஆங்கிலமே பள்ளியில் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, அந்த அரைகுறை ஆங்கிலத்தின் மேல் பிரெஞ்சை ஏற்றுகிறோம். தன் வயதைச் சொல்ல ஆங்கிலம் வழியாக வந்த பிள்ளை ‘நான் ஏழு ஆண்டுகளாக இருக்கிறேன்’ என்கிற மாதிரி ‘ழெ சுய்’ என்று தொடங்கும். சென்னையில் பிரெஞ்சு கற்பிக்கும் எவரைக் கேட்டாலும் இந்தப் பிழையைச் சொல்வார். ‘எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறான்’, ‘எனக்கு ஏழு வயது’ என்று தமிழில் இரண்டையும் ஒரே அச்சில் சொல்லிப் பழகிய பிள்ளையிடம், ‘எனக்கு இருக்கிறது’ என்ற பொருளில் அண்ணனுக்குச் சொன்ன ‘ழே’யையே வயதுக்கும் போடு என்றால் போதும். பிரெஞ்சிலும் உள்ள நீ, நீங்கள் வேறுபாடும் அப்படித்தான். ஆங்கில வழியில் ஒரு பீரியட் முழுக்க விளக்கியும் விளங்காதது, ‘தம்பியிடம் பேசுவதுபோல, தாத்தாவிடம் பேசுவதுபோல’ என்ற ஒரு வரியில் முடிந்துவிடும். வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் போடும் பள்ளிகளில் இந்த வழியும் அடைபட்டுக் கிடக்கிறது.

நோட்டு இல்லாவிட்டால் பிள்ளை என்ன கற்றது என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று பெற்றோர் கேட்பது நியாயமானதே. பிரான்ஸ் அரசு 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கென்றே நடத்தும் டெல்ஃப் ப்ரிம் தேர்வைப் பாருங்கள். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண்; அதாவது பாதி மதிப்பெண் காதுக்கும் வாய்க்கும் உரியது. நம் பள்ளி டெஸ்டில் அந்தப் பாதி காணாமல் போய்விடுகிறது. வீட்டிலும் சோதிக்கலாம்: எழு, கதவைத் திற, சிவப்புப் பென்சிலை எடு என்று கட்டளை சொல்லி, பிள்ளை செய்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். உங்களுக்குப் பிரெஞ்சு தெரியாவிட்டால், பிள்ளை கட்டளை போட நீங்கள் செய்யுங்கள், அது இன்னும் நல்லது. எழுத்து நான்காம் வகுப்பில் வரட்டும். அதற்குள் காதில் நூறு, இருநூறு சொற்கள் ஊறியிருந்தால் எழுத்து தானாக உட்கார்ந்துகொள்ளும்.

ஆசிரியர்கள் மேல் எனக்குக் குறை கிடையாது. ஒரே ஆசிரியர் எட்டு செக்‌ஷனுக்கு ஓடி, ஒவ்வொன்றிலும் நாற்பது பிள்ளைகளைச் சமாளிக்கும்போது, கரும்பலகையில் எழுதிப் போடுவது ஒன்றுதான் வகுப்பை அமைதியாக வைக்கும் வழி. ஆனால் துணைக்கு ஆள் தேட இங்கே இடம் இல்லாமல் இல்லை: நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. 1826 முதல் பிரெஞ்சுப் பள்ளி நடக்கும் புதுச்சேரி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரத் தொலைவுதான். அங்கே பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ‘சொல்தா’ குடும்பங்களில், நம்மைப் போலவே முகமும் பேச்சும் கொண்ட தாத்தாக்கள் தமிழையும் பிரெஞ்சையும் மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள். அப்படி ஒருவரைப் பருவத்துக்கு ஒருமுறை அழைத்து வந்து பிள்ளைகளோடு பேச வைப்பதற்கு ஆகும் செலவு, வழவழப்பான வண்ணப் பாடநூலுக்கு நம்மிடம் வாங்கும் தொகையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். எந்தப் பள்ளியும் இதைச் செய்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஆகவே விண்ணப்பம் வாங்கப் போகும்போது, பிரெஞ்சு உண்டா என்று கேட்டதோடு நிற்காமல், இரண்டாம் வகுப்பில் பிரெஞ்சுக்கு எழுத்துத் தேர்வு உண்டா என்றும் கேளுங்கள். உண்டு என்று பெருமையாகச் சொன்னார்கள் என்றால், அந்தப் பீரியடில் என் பிள்ளையை விளையாட விடுங்கள், பிரெஞ்சை ஆறாம் வகுப்பில் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம்.