அடி வாங்கியவர் ஆணாக இருந்தால்

மனைவி கணவனை அடித்தாள் என்று ஒரு செய்தி வரட்டும், கீழே வரும் கருத்துகளைப் பாருங்கள். பாதி சிரிப்பு எமோஜி. மீதி, ‘ஆம்பளையா இருந்துகிட்டு...’ என்று ஆரம்பிக்கும் அறிவுரை. பூரிக்கட்டை ஜோக் படித்தே வளர்ந்த நமக்கு அதில் ஒரு மனிதன் வலியோடு இருப்பதே தெரிவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர் எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவார். ஒருநாள் கை கழுவச் சட்டையை மடித்தபோது முன்னங்கை முழுக்க நகக் கீறல். “என்ன சார், வீட்டுல பூசையா?” என்றார் பக்கத்தில் இருந்தவர். எல்லோரும் சிரிக்க, அவரும் சேர்ந்து சிரித்தார். அப்புறம் ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னார். சம்பளம் மொத்தமும் மனைவி கையில், பஸ்ஸுக்குக்கூடக் கேட்டு வாங்க வேண்டும். ராத்திரி தூங்க விடாமல் எழுப்பி எழுப்பிச் சண்டை. எதிர்த்துப் பேசினால், “நான் போலீஸுக்குப் போனா உன்னை யார் நம்புவாங்க?” கீறலைவிட அந்தக் கேள்விதான் அவர் வாயைக் கட்டிப்போட்டது. யாரும் நம்ப மாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும்.

பலம் உள்ளவன் ஏன் அடி வாங்க வேண்டும் என்று கேட்கிறார்கள். கொதிக்கிற தண்ணீரை ஊற்ற என்ன பெரிய பலம் வேண்டும்? இங்கிலாந்தில் 2015இல் துணையைக் கட்டுப்படுத்தி ஆட்டிவைப்பதையே தனிக் குற்றமாக்கினார்கள். சட்டம் ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. 2018இல் அதன்கீழ் முதன்முதலாக ஒரு பெண் தண்டிக்கப்பட்டார், கொடுங்காயம் ஏற்படுத்திய குற்றத்தையும் சேர்த்து ஏழரை ஆண்டு சிறை. தன்னுடன் வாழ்ந்த இளைஞர்மேல் கொதிநீர் ஊற்றியிருந்தார். அந்த இளைஞரோ கேட்டவர்களிடமெல்லாம் காயங்களுக்கு வேறு காரணம் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

இங்கிலாந்து, வேல்ஸ் அரசுக் கணக்கெடுப்பின்படி, 2023 மார்ச்சில் முடிந்த ஓராண்டில் குடும்ப வன்முறைக்கு ஆளானவர்கள் சுமார் 14 லட்சம் பெண்கள், 7.5 லட்சம் ஆண்கள். பெண்கள்தான் அதிகம். துணையின் கையால் செத்துப்போகிறவர்களிலும் உலகெங்கும் அவர்கள்தான் பெரும்பான்மை. இதை மறைத்துவிட்டு ஆண்களுக்காகப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஒரு பெண் தான் பட்ட அடியை எழுதினால் உடனே ‘ஆண்களும்தான் பாதிக்கப்படுகிறார்கள்’ என்று வந்து நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் எத்தனை பேர் அந்த முழுக்கைச் சட்டைக்காரருக்கு ஒரு ராத்திரி படுக்க இடம் கொடுப்பார்கள்? அவரைப் பார்த்துச் சிரித்ததும் பெண்ணியவாதிகள் இல்லை, அவருடைய ஆண் நண்பர்கள்தான். ஆண் என்றால் அடக்க வேண்டும், பெண் என்றால் அடங்க வேண்டும் என்று நினைக்கிற புத்தி, பெண்ணிடம் ‘பொறுத்துப் போ’ என்கிறது. ஆணிடம் ‘வெளியே சொல்லாதே’ என்கிறது. அடிக்கிறவரும் ஆணாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், ரெண்டு ஆம்பளைக்குள்ள தகராறு என்று முடித்துவிடுவார்கள்.

யாராவது உங்களிடம் வாய் திறந்தால் ‘நீ என்ன பண்ணினே?’ என்று ஆரம்பிக்காதீர்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனால் ஆபத்தில்லையா என்று கேளுங்கள். காயத்தைப் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள், டாக்டரிடம் உண்மையான காரணத்தைச் சொல்லிப் பதிய வைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளை நினைத்து அவர் திரும்ப அதே வீட்டுக்குப் போகலாம். அதற்காகத் திட்டாதீர்கள், பெண்களும் பல தடவை திரும்பிப் போய்விட்டுத்தான் ஒருநாள் வெளியே வருகிறார்கள்.