புட்போல்ல கே (தன்பாலீர்ப்பு உள்ள) ப்ளேயர்ஸ் இல்ல என்டுறது பிழையான தகவல்

தம்பி, "ப்ரொஃபெஷனல் புட்போல்ல கே ஆக்கள் ஒருத்தரும் இல்ல, இருந்தா எப்பவோ வெளிய சொல்லியிருப்பாங்க" என்டு மேல போட்டிருக்கீங்க, அது சரியான பிழை. 1990லயே இங்கிலாந்துல ஜஸ்டின் ஃபஷானு என்ட ப்ளேயர் தான் கே என்டு வெளிப்படையா சொன்னவர், ஒரு மில்லியன் பவுண் குடுத்து வாங்கின முதல் கறுப்பின ப்ளேயர் அவர்தான், சொன்ன பிறகு கூடப்பிறந்த தம்பியே பகிரங்கமா ஒதுக்கி வச்சார், 1998ல உயிர மாய்ச்சிட்டார். இத பாத்திட்டு அடுத்தவன் எப்பிடி வாய் திறப்பான்? அங்க விளையாடிக்கொண்டிருக்கிற ஆம்பிளப் ப்ளேயர் ஒருத்தர் திரும்ப சொன்னது 2022லதான், பிளாக்பூல் கிளப் ஜேக் டேனியல்ஸ், அப்ப 17 வயசு.

இடையில 32 வருசம் ஒருத்தரும் இல்லாம இருக்கேல்ல. ஜெர்மனிக்கு 52 மெட்ச் ஆடின ஹிட்ஸ்ல்ஸ்பெர்கர் அஸ்டன் வில்லா, வெஸ்ட் ஹாம், எவர்ட்டன் எல்லாத்திலயும் இருந்தவர், ரிட்டயர் ஆகி 2014லதான் சொன்னார்.

சொன்னா கிளப் எடுக்காது என்டும் இல்ல. செக் நாட்டு யாக்கூப் யாங்க்டோ 2023 பெப்ரவரில சொன்னார், அதே வருசம் இத்தாலில காலியாரி கிளப் அவர எடுத்தது. அவுஸ்திரேலியால ஜோஷ் கவாலோ 2021ல சொல்லிப்போட்டு அதே அடிலெய்ட் கிளப்ல தொடர்ந்து விளையாடினார்.

எங்கட மட்டக்களப்புல வெபர் கிரவுண்ட்ல ஓடுற பொடியனுக்கு வீடு, ஊர், ரீம் எல்லாத்துக்கும் மேல ஒரே பாலினத்தார் உறவக் குற்றமாக்கிற தண்டனைச் சட்டக்கோவை 365ஏ பிரிவு வேற இருக்கு, அவன் வாய் திறக்காததுக்கு இவ்வளவு காரணம் இருக்கு. உங்கட கொமெண்ட்ட அவனும் வாசிப்பான், தயவுசெய்து திருத்திப் போடுங்க.