சி.இ.ஏ. அளவு இயல்பாக இருந்தால் இரைப்பைப் புற்றுநோய் திரும்பாது என்பது உண்மையா?

இரைப்பைப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை பெற்றவரின் இரத்தத்தில் சி.இ.ஏ. என்னும் புரதம் இயல்பான அளவில் இருந்தால் நோய் திரும்பாது, ஸ்கேனும் எண்டோஸ்கோப்பியும் இனித் தேவையில்லை என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது; அதை நம்பித் தொடர் பரிசோதனையைக் கைவிடுவது ஆபத்தானது.

1965-இல் மான்ட்ரியலில் பில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் பெருங்குடல் கட்டிகளில் கண்டறிந்த இப்புரதத்தை எல்லா இரைப்பைக் கட்டிகளும் போதிய அளவில் வெளியிடுவதில்லை என்பதால், நோய் வயிற்றறையின் உட்சவ்வுக்குப் பரவிய பின்னரும் சிலருக்கு அதன் அளவு உயராமலே இருக்கும். புகைபிடிப்பவர்களுக்கோ புற்றுநோய் இன்றியே அது உயரலாம். புற்றுநோயைக் கண்காணிக்க இரத்தத்தில் அளக்கப்படும் மற்றொரு குறிப்பானான சி.ஏ. 19-9-உம் பித்தநாள அடைப்பில் ஏறிவிடும். லூயிஸ் இரத்த வகைக் கூறு இல்லாதவர்களின் உடலில் அது பெரும்பாலும் உருவாவதே இல்லை.

செல் வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்2 என்னும் புரதமோ, இவற்றைப் போல இரத்தத்தில் அன்றி, முதன்மையாகக் கட்டியின் திசுவில் பார்க்கப்படுவது. முற்றிய நோய்க்கு, ஹெர்2-ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து பொருந்துமா என்பதை முடிவு செய்யவே அது முதன்மையாக உதவுகிறது.

கட்டி இரைப்பைச் சுவரில் எவ்வளவு ஆழம் ஊடுருவியது, எத்தனை நிணநீர்க் கணுக்களை எட்டியது என்பவையே நோய் மீளும் வாய்ப்பைக் கணிப்பதில் இன்றும் முதலிடம் பெறுகின்றன. அறுவைக்கு முன் உயர்ந்திருந்து, பின் தணிந்த சி.இ.ஏ. மீண்டும் ஏறினால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஏறாதிருப்பது விடுதலைச் சான்றிதழ் ஆகாது.