நடுகல்லுக்கு ஆள் வேண்டும், காட்டுக்கு வேண்டாம்

ஞாயிற்றுக்கிழமை என்றால் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் ஒகேனக்கல், இல்லையென்றால் கே.ஆர்.பி. அணை. அதைத் தாண்டிக் கேட்டால் ஏற்காடு. மற்ற இடங்களைப் பற்றி எழுதினால், "எழுதாதே, கூட்டம் போய்க் கெடுத்துவிடும்" என்று நண்பர்கள் தடுக்கிறார்கள். காட்டைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. நடுகல், கல்திட்டை மாதிரியான பழங்கால நினைவுக் கற்களைப் பொறுத்தவரை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் எந்த நடுகல் பிழைத்திருக்கிறது என்று பாருங்கள். வேடியப்பன் என்று பெயர் வைத்துப் பொங்கலிடுகிற கல் பிழைத்திருக்கிறது. யாரும் தேடி வராத கல் வரப்போரம் சாய்ந்து கிடக்கிறது, இல்லையென்றால் துணி துவைக்கப் போய்விட்டது. எண்ணெயும் மஞ்சளும் அப்பியிருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள், உடம்பில் தைத்த அம்பு, காலடியில் கெண்டியும் (மூக்கு வைத்த நீர்க்கலம்) சிமிழும் (மூடி போட்ட சின்னச் செப்பு). மாடுகளை மீட்கப் போய்ச் செத்த ஊர்க்காரன். சில கற்களில் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்பதுவரை வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, முதலில் தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு (தொல்லியல் அருங்காட்சியகம்) போய்க் கண்ணைப் பழக்கிக்கொண்டு ஊருக்குள் போங்கள்.

சூளகிரி பக்கத்து மல்லசந்திரம் குன்றை நான் யாருக்கும் சொல்லத் தயங்க மாட்டேன். இரும்புக்கால மக்கள் இறந்தவர்களுக்கு எழுப்பிய கல்திட்டைகள் பாறைமேல் கூட்டமாக நிற்கின்றன. ஊரார் பாண்டவர் வீடு என்பார்கள். நாலு பக்கமும் பலகைக்கல், மேலே ஒற்றைக் கல் மூடி, ஒரு பக்கக் கல்லில் மட்டும் வட்டமாக ஒரு துளை. அந்தத் துளையின் விளிம்பைத் தடவிப் பாருங்கள், எவ்வளவு பொறுமை வேண்டியிருந்திருக்கும் என்று விரலுக்கே தெரியும். இப்படிப்பட்ட இடங்களைப் புதையல் ஆசையில் தோண்டுகிறவர்களுக்கு ஆளில்லாத குன்றுதான் வசதி. அடிக்கடி நாலு பேர் வந்து போகிற இடத்தில் கடப்பாரை எடுக்கப் பயப்படுவார்கள். வழி கேட்க ஆடு மேய்க்கிறவர்களை விட நல்ல ஆள் கிடையாது.

பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு 4,200 ஆண்டுப் பழமையானது என்று 2022-இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். நம் பள்ளிப் பிள்ளைகளோ அதே மாவட்டத்திலிருந்து பஸ் பிடித்து பெங்களூரு தீம் பார்க்குக்குப் போகிறார்கள். ஆசிரியர்களே, ஒரு வருடச் சுற்றுலாவையாவது இந்தப் பக்கம் திருப்புங்கள். செலவும் குறையும்.

காட்டு விஷயத்தில் நான் நேர் எதிர். அஞ்செட்டிப் பக்கத்துக் காடுகள் 2014-இல் காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயமானது சும்மா இல்லை. சாம்பல் நிற மலை அணிலும் நீர்நாயும் வாழ்கிற இடம் அது. அங்கே ஓடைக்குள் இறங்கி ரீல்ஸ் எடுப்பது, ட்ரோன் விடுவது, பாட்டுப் போடுவது எதற்கும் எனக்குச் சம்மதமில்லை. சாலையில் போங்கள், ஹாரன் அடிக்காமல் போங்கள், அதற்குள் தெரிகிறது போதும். அப்புறம், கேழ்வரகு முற்றுகிற சமயத்தில் கர்நாடகப் பக்கமிருந்து யானைகள் தளி, ஜவளகிரி, சானமாவு என்று இறங்கும். அந்த மாதங்களில் வயல்காரர்கள் ராத்திரி தூங்காமல் காவல் இருக்கிறார்கள். யானை பார்க்கலாம் என்று கார் எடுத்துக்கொண்டு போய் அவர்களுக்கு இடைஞ்சலாக நிற்காதீர்கள். பொழுது சாய்வதற்குள் ஓசூர் வந்து சேர்ந்துவிடுங்கள்.