உறை போட்ட பூட்ஸ்

'மெமரீஸ் ஆஃப் மர்டர்' என்ற கொரியப் படத்தைப் பற்றி யார் பதிவு போட்டாலும் கடைசிக் காட்சியில்தான் போய் நிற்கிறார்கள். கதாநாயகன் சோங் காங்-ஹோ நேராகக் கேமராவைப் பார்க்கிறார், கொலைகாரன் தியேட்டருக்கு வந்திருக்கலாம் என்று நினைத்துத்தான் இயக்குநர் போங் ஜூன்-ஹோ அப்படி வைத்தார், உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சரி, எனக்கும் சிலிர்த்தது. ஆனால் 2003-ல் வந்த அந்தப் படத்தை இப்போது திரும்பப் பார்த்தால் என் கண் போவது சோ என்கிற போலீஸ்காரனின் பூட்ஸ் மேல்தான். (கதையைச் சொல்லித்தான் எழுதப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரவும்.)

விசாரணையில் உதைப்பதற்கு முன்னால் சோ தன் பூட்ஸுக்கு ஒரு துணி உறையை மாட்டிக்கொள்கிறான். உதை விழலாம், தடம் விழக் கூடாது. கோபம், ஆவேசம் எதுவும் இல்லை. ஹோட்டல் மாஸ்டர் அடுப்படிக்குப் போகுமுன் ஏப்ரன் கட்டுகிற மாதிரி மாட்டுகிறான். அந்த உறையை யாரோ அளவெடுத்துத் தைத்துக் கொடுத்திருப்பார்கள் இல்லையா? அது யார் என்ற யோசனை எனக்கு வந்துகொண்டே இருக்கிறது.

படத்துக்கு அடிப்படை நிஜ வழக்கு. தென்கொரியாவில் கியோங்கி மாகாணத்தின் ஹ்வாசியோங், அப்போது வயலும் கிராமமுமாக இருந்த பகுதி. 1986 முதல் 1991 வரை அங்கே 10 பெண்கள் கொல்லப்பட்டார்கள். 70 வயதைத் தாண்டியவரும் உண்டு, 13 வயதுச் சிறுமியும் உண்டு. தேடுதலின் முதல் ஒன்றரை ஆண்டு சுன் டூ-ஹ்வானின் ராணுவ ஆட்சிக்காலம். 1987 ஜனவரியில் பார்க் ஜோங்-சோல் என்ற மாணவர் போலீஸ் சித்திரவதையில் இறந்தபோது, 'மேஜையைத் தட்டினோம், செத்துவிட்டான்' என்கிற மாதிரி விளக்கம் கொடுத்த போலீஸ் அது. மாணவர்களைத் துரத்தவும் வாக்குமூலம் வாங்கவும் பழகிய கைகளிடம், 'தடயத்தை வைத்துக் கொலைகாரனைக் கண்டுபிடி' என்று வேலை கொடுத்தால் என்ன ஆகும்?

அதைத்தான் படம் முதல் அரை மணி நேரத்திலேயே காட்டிவிடுகிறது. வயலில் பிணம் கிடக்கிற அந்த நீண்ட ஷாட்டை மறக்க முடியாது. உள்ளூர்த் துப்பறியும் போலீஸ்காரன் பார்க் டூ-மான் (சோங் காங்-ஹோ) அங்கும் இங்கும் ஓடிக் கத்திக்கொண்டிருக்கிறான். கயிறு கட்டவில்லை, காவல் இல்லை, ஊர்ப் பிள்ளைகள் ஓடித் திரிகிறார்கள், மேலதிகாரி கரையில் சறுக்கி விழுகிறார். இருந்த ஒரே ஒரு காலடித் தடத்தின் மேல் டிராக்டர் ஏறிப் போகிறது. தியேட்டரில் சிரிப்பு வரும் காட்சி. வழக்கு அங்கேயே பாதி செத்துவிட்டது.

இன்னொரு காட்சியில், மழை இரவு, இன்றைக்குக் கொலை நடக்கும் என்று தெரிகிறது. ஆள் அனுப்புங்கள் என்று போன் போட்டுக் கெஞ்சுகிறார்கள். படை முழுக்க பக்கத்து நகரமான சுவோனில் ஆர்ப்பாட்டத்தை அடக்கப் போயிருக்கிறது என்று பதில் வருகிறது. அப்புறம் அந்தப் போர்க்கால விளக்கணைப்பு ஒத்திகை: சைரன் ஊத, கடைகள் ஷட்டரை இறக்க, ஊரே இருட்டாக, அந்த இருட்டுக்குள் ஒரு பள்ளிச் சிறுமி. கொலைகாரனுக்கு அரசாங்கமே விளக்கை அணைத்துக் கொடுக்கிறது. இதற்கு மேல் ஒரு அரசியல் வசனம் தேவையா?

வழக்கமான விமர்சனம் ஒன்று உண்டு. பார்க் 'கண்ணைப் பார்த்தே குற்றவாளியைச் சொல்லிவிடுவேன்' என்கிற நாட்டுப்புற ஆள். சியோலிலிருந்து வரும் சியோ 'ஆவணம் பொய் சொல்லாது' என்கிற படித்த ஆள். ஒருவன் கை, ஒருவன் மூளை. அறிவியல் தாமதமாக வந்ததுதான் சோகம், அமெரிக்காவிலிருந்து வந்த டிஎன்ஏ அறிக்கை சந்தேகப்பட்ட ஆளோடு பொருந்தியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். படமும் கிட்டத்தட்ட அப்படித்தான் நம்மைக் கொண்டுபோகிறது. இந்த வாசிப்பு 2019-க்குப் பிறகு நிற்காது என்பது என் கட்சி.

2019 செப்டம்பரில், பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய தடயப் பொருட்களில் கிடைத்த டிஎன்ஏ லீ சுன்-ஜே என்பவனுடையதோடு பொருந்தியது. மனைவியின் தங்கையை 1994-ல் கொன்றதற்காக அவன் ஏற்கெனவே பூசான் சிறையில் ஆயுள் தண்டனையில் இருந்தான். ஹ்வாசியோங்கின் பத்தும் சேர்த்து 14 கொலைகளை ஒப்புக்கொண்டான். வழக்குத் தொடரும் கால வரம்பு 2006-லேயே முடிந்துவிட்டதால் இந்தக் கொலைகளுக்குத் தண்டனை கிடையாது. அந்தக் காலத்திலேயே போலீஸ் அவனைக் கூப்பிட்டு விசாரித்து விட்டிருக்கிறது. அவர்கள் தேடியது பி வகை ரத்தக்காரனை, அவனுக்கு ஓ வகை. அதாவது அவனைக் காப்பாற்றியதில் ஒரு பங்கு ஆய்வுக்கூடக் குறிப்புக்கும் உண்டு.

இதைவிடப் பெரிய அடி எட்டாவது வழக்கு. 1988-ல் தன் வீட்டிலேயே கொல்லப்பட்ட 13 வயதுச் சிறுமி. 'இது மற்ற கொலைகளைப் பார்த்து வேறொருவன் காப்பியடித்துச் செய்தது, பிடித்துவிட்டோம்' என்று போலீஸ் 1989-ல் ஒரு 22 வயது இளைஞரைக் கைது செய்தது. சின்ன வயதில் போலியோ வந்து கால் பாதிக்கப்பட்டவர், விவசாயக் கருவிகள் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. தூங்கவிடாமல் வைத்து, அடித்து, வாக்குமூலம் வாங்கினார்கள். கூடவே ஒரு தடயவியல் அறிக்கை: சம்பவ இடத்தில் கிடைத்த முடியின் உலோகக் கூறுகள் அவருடையதோடு ஒத்துப்போகின்றன என்று. ஆயுள் தண்டனை. சுமார் 20 வருடம் உள்ளே இருந்து 2009-ல் பரோலில் வெளியே வந்தார். லீ 'அதுவும் நான்தான்' என்று சொன்ன பிறகு மறு விசாரணை நடந்து, 2020 டிசம்பரில் நிரபராதி என்று தீர்ப்பு. வாக்குமூலம் சட்டவிரோதமாக வாங்கியது, ஆய்வறிக்கையில் தீர்மானமான பிழைகள் இருந்தன என்றது நீதிமன்றம்.

இப்போது பார்க்கையும் சியோவையும் திரும்ப நிறுத்திப் பாருங்கள். அந்த இளைஞரை உள்ளே தள்ளியது வெறும் பூட்ஸ் கால் இல்லை. பூட்ஸ் காலும் ஆவணமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒத்துழைத்தன. கை வாங்கிய வாக்குமூலத்துக்கு ஆய்வுக்கூடம் முத்திரை குத்தியது. படத்தில் இரண்டும் எதிரெதிர்க் கட்சி, நிஜத்தில் கூட்டணி. 2003-ல் கொரியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தியேட்டரில் உட்கார்ந்து 'ஐயோ, கடைசிவரை யாரையும் பிடிக்க முடியவில்லையே' என்று கலங்கிக்கொண்டிருந்தபோது, அதே தொடர்கொலைகளில் ஒன்றுக்காக ஒருவர் ஜெயிலில் இருந்தார்.

இதற்காக போங்கைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு அது முடிந்த வழக்கு, யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு குறை இருக்கிறது. சித்திரவதைக் காட்சிகளில் படம் நம்மைக் கொஞ்சம் அதிகமாகவே சிரிக்க வைக்கிறது. குவாங்-ஹோ என்ற மனவளர்ச்சி குறைந்த பையனை அடிக்கிறார்கள், அவனுடைய ஷூவை வைத்துப் பொய்த் தடம் தயாரிக்கிறார்கள், அப்புறம் சமாதானத்துக்கு 'நைக்கி' மாதிரி இருக்கும் 'நைஸ்' ஷூ வாங்கிக் கொடுக்கிறார்கள். அடித்தவர்களும் அடி வாங்கியவனும் ஒன்றாக உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டபடி டிவியில் போலீஸ் தொடர் பார்க்கிறார்கள். பிரமாதமான காட்சி, மறுக்கவில்லை. வன்முறை எவ்வளவு சகஜமாகக் குடித்தனம் நடத்துகிறது என்று அதைவிடக் காட்ட முடியாது. ஆனாலும் அந்த அறையில் பார்க்கை ரசிக்க நமக்குத் தாராளமாக நேரம் கிடைக்கிறது, குவாங்-ஹோவின் பக்கம் உட்கார அவ்வளவு நேரம் கிடைப்பதில்லை. அவன் ரயிலில் அடிபட்டுச் சாகும்போதுதான் நமக்கு உறைக்கிறது. சோவுக்குத் துருப்பிடித்த ஆணி குத்தி, உதைத்த காலையே வெட்டி எடுக்க வேண்டி வருகிறது. அதுவும் சினிமாவில் மட்டும் நடக்கும் நியாயம்.

அந்த ஸ்டேஷனில் ஒழுங்காகத் துப்பறிந்தது யார் என்று கேட்டால் குவோன் என்ற பெண் போலீஸைத்தான் சொல்வேன். கொலை நடக்கும் மழை நாட்களில் ரேடியோவில் ஒரே பாட்டை யாரோ விரும்பிக் கேட்கிறார்கள் என்று கவனித்தது அவள்தான். அவளுக்குக் கிடைத்த மரியாதை? சிவப்பு உடை போட்டு மழையில் தூண்டிலாக நடக்கவிட்டதுதான்.

நம் ஊர் சைக்கோ படங்களில் கொலைகாரனுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக், ஒரு காயம், ஒரு பின்னணி இசை, போலீஸையே விளையாட வைக்கும் மூளை எல்லாம் கொடுத்துவிடுவோம். இந்தப் படம் அவனுக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு சிறுமி சொல்வது, பார்க்கச் சாதாரணமாக இருந்தான் என்று மட்டும். அது எவ்வளவு சரி என்று 2020-ல் தெரிந்தது. மறு விசாரணையில் சாட்சி சொல்ல வந்த லீ, சிறையில் அந்தப் படத்தைப் பார்த்ததாகவும், வெறும் படமாகத்தான் பார்த்ததாகவும், எந்த உணர்ச்சியும் வரவில்லை என்றும் சொன்னான். சோங் காங்-ஹோவின் அந்தப் பிரபலமான பார்வை போய்ச் சேர வேண்டிய ஆளிடம் சேர்ந்தது, அவ்வளவுதான். கொலைகாரனின் மனதுக்குள் என்ன இருக்கிறது என்று பத்து வெப் சீரிஸ் எடுக்கிறார்கள். போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது போலிருக்கிறது.

இதே சம்பவத்தை யாராவது மறுபடி எடுப்பதாக இருந்தால் அந்தப் பட்டறை இளைஞரின் கதையை எடுக்கட்டும். முதல் நாள் முதல் காட்சிக்கு நான் வருகிறேன். லீயைப் பற்றி இன்னொன்று என்றால் எனக்கு வேண்டாம்.